கையெழுத்துப் போடும் நேரத்தில் சட்டம் எங்கே இருக்கிறது?

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் ஒரு அட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். அதில் நூறு கட்டங்கள் அச்சடித்திருக்கும். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் வண்டியில் ஒரு பையன் வருவான். நூறு ரூபாயை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கட்டத்தில் பேனாவால் கிறுக்கிவிட்டுப் போவான். நூறு கட்டமும் நிரம்பினால் பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் அடைந்தது என்று கணக்கு. ஆனால் அக்கா கைக்கு வந்தது 8,500 ரூபாய்தான். மீதி 1,500-ஐக் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டார்கள்.

வட்டி எவ்வளவு என்று கேட்டால், "நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு" என்பார். கேட்க அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாம் நாள் கிட்டத்தட்டப் பாதி அடைந்துவிட்டது. குறையும் அசலுக்கு வங்கி போடுகிற முறையில் கணக்குப் போட்டால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 விழுக்காடு வட்டி. வீட்டுக்கடனில் கால் விழுக்காடு ஏறினாலே நாம் புலம்புகிறோம்.

அக்காவுக்கு அந்தப் பையன் மீது கோபம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டில் பூ எடுக்க ரொக்கம் வேண்டும். அந்த நேரத்தில் பணம் கொடுக்க வேறு யாரும் இல்லை. கடன் சட்டங்களைப் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்குபவர் ஏமாளி இல்லை, அவருக்கு வேறு வழி கிடையாது. அந்த நிலைமையைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள்.

இந்த அட்டையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மக்கள் கந்துவட்டித் தடைச் சட்டம் என்று சொல்லும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அது. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல், நாள் வட்டி, மணிநேர வட்டி என்று தெருவில் புழங்கும் சொற்களையே எடுத்து விளக்கம் எழுதிய சட்டம். அரசு நிர்ணயித்ததற்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் கொடுத்தவரின் தொல்லை தாங்காமல் கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ தற்கொலை செய்துகொண்டால், கடன் கொடுத்தவர் தற்கொலைக்குத் தூண்டியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தில் பார்த்தால் கடுமையான சட்டம்தான்.

இந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகு, 2017 அக்டோபர் 23 அன்று, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள். நான்கு பேரும் இறந்துபோனார்கள். கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே மனுக் கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 2022-இல் காவல்துறை 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று தனியாக ஒரு நடவடிக்கையைத் தொடங்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில், வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க இன்னொரு சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இந்தச் சட்டங்களுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எல்லாமே பெரும்பாலும் மிரட்டலுக்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகின்றன. வீட்டு வாசலில் ஆள் வந்து கத்திய பிறகு, வண்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, சில சமயம் உயிர் போன பிறகு. கடன் உருவாகும் அந்தப் பத்து நிமிடத்தில், அதாவது கையெழுத்துப் போடும் நேரத்தில், சட்டம் அநேகமாக அங்கே இல்லை. சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

வெற்றுக் காசோலை

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்று போகிறார் ஒருவர். மகள் கல்யாணமோ, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவோ. பைனான்ஸ்காரர் ஒரு புரோநோட்டை நீட்டுவார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். அப்புறம் தொகையும் தேதியும் எழுதாத காசோலை இரண்டு. கொஞ்சம் பெரிய கடன் என்றால் வீட்டுப் பத்திரம், சில இடங்களில் அடமானத்துக்குப் பதில் கிரயமாகவே எழுதி வாங்குவதும் உண்டு. சம்பளக்காரராக இருந்தால் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும். கடன் வாங்குபவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வராது.

பிரச்சினை வரும்போது இந்தக் காலி இடங்கள் நிரப்பப்படும். ஒரு லட்சம் வாங்கியவரின் காசோலையில் ஐந்து லட்சம் என்று எழுதி வங்கியில் போடுவார்கள், திரும்பிவரும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும். அந்தச் சட்டம் 1881-இல் எழுதப்பட்டது, காசோலை திரும்பினால் குற்றம் என்ற பிரிவு 1988-இல் சேர்ந்தது. வியாபாரத்தில் காசோலைக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கையெழுத்து உங்களுடையது என்று ஒத்துக்கொண்டால், கடன் இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018-இல் வந்த திருத்தப்படி, குற்றத்தை மறுத்து வழக்கு நடத்துகிறவரையே இடைக்கால இழப்பீடாகத் தொகையில் 20 விழுக்காடு வரை கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

காலியாகக் கொடுத்த காசோலைதானே, செல்லாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமானத்தை உடைக்க முடியும். கடன் கொடுத்ததாகச் சொல்பவருக்கு அவ்வளவு பணம் கொடுக்கும் வசதி இருந்ததா என்று கேள்வி எழுப்பலாம், சூழ்நிலைகளைக் காட்டலாம். ஆனால் அதற்கு ஒரு நல்ல வழக்கறிஞரும், வாய்தாவுக்கு வாய்தா வேலையை விட்டுவிட்டு வர வசதியும் வேண்டும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே கடன். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அவர் பாதிக்கப்பட்டவர், 138-ஆவது பிரிவின் முன் குற்றம் சாட்டப்பட்டவர். முதல் சட்டத்தில் அநியாய வட்டி வாங்கப்பட்டது என்று அவர் பக்கம் காட்ட வேண்டும், கையில் ஒரு ரசீதும் இருக்காது. இரண்டாவதில் கடன் கொடுத்தவருக்கு அந்தக் காசோலையே போதும். எந்த வழக்கு வேகமாக நகரும் என்று சொல்லத் தேவையில்லை. காவல் நிலையத்துக்கு யாராவது புகார் கொடுக்கப் போனால் மறுநாளே செக் கேஸ் வந்துவிடும் என்ற பயம் ஊர்களில் சும்மா வரவில்லை. கந்துவட்டிக்காரரின் பெரிய ஆயுதம் அடியாள் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய ஆயுதம் அவர் பீரோவில் இருக்கும் காசோலைக் கட்டு. அதைச் செல்லுபடியாக்குவதும் நம் சட்டம்தான்.

மாற்றம் பெரிய விஷயமில்லை. தனிநபர் கடனுக்காக வாங்கிய காசோலையோ புரோநோட்டோ நீதிமன்றத்துக்கு வரும்போது, கூடவே எழுத்தில் ஒரு கடன் விவரம் இருக்க வேண்டும். கைக்குக் கொடுத்த தொகை, வட்டி, தவணை, இதுவரை கட்டியது, கடன் வாங்கியவரிடம் பிரதி கொடுத்ததற்கான ஒப்புகை. இவை இல்லையென்றால் அனுமானம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நிரூபிக்கும் சுமை கணக்கு வைத்திருப்பவர் பக்கம் போய்விடும்.

இது புது யோசனையும் இல்லை. 1875-இல் பூனா, அகமதுநகர் பக்கத்து விவசாயிகள் வட்டிக்காரர் வீடுகளுக்குள் புகுந்து தேடித்தேடி எரித்தது கடன் பத்திரங்களைத்தான். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதையடுத்து வந்த 1879-ஆம் ஆண்டுத் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், விவசாயி எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைக் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுத வேண்டும் என்றது. பத்திரத்தில் என்ன தொகை இருந்தாலும், உண்மையில் எவ்வளவு கைமாறியது என்று தொடக்கத்திலிருந்து கணக்குப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது.

உரிமம் உள்ள கடன்

சரி, கந்துவட்டி வேண்டாம், ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிறுவனத்திடம் வாங்கலாம் என்றால் அங்கே வேறு மாதிரிச் சிக்கல்.

மகளிர் குழுக் கடனை எடுத்துக்கொள்வோம். நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் பீகாரும் முன்னணியில் இருப்பவை, அதனால் இந்தக் காட்சி பலருக்கும் பழக்கமானதே. 60,000 ரூபாய், 24 மாதம், "வட்டி 14 பர்சென்ட்தான்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த 14, பிளாட் ரேட். அதாவது நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் வட்டி. இரண்டு ஆண்டுக்கு 16,800 வட்டி, மாதத் தவணை 3,200. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 25 விழுக்காடு. செயல்முறைக் கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 58,000 மட்டும் கொடுத்தால் 28 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. சொன்னதைப் போல இரண்டு மடங்கு. இதில் ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை என்பதுதான் கொடுமை.

இதை மாநில அரசு கேட்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தாது என்று கேரளம், குஜராத் வழக்குகளில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகளுக்கோ 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவு இருக்கிறது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றம் திறந்து பார்க்கக் கூடாது என்கிறது அது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வட்டி ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்பது வாதம்.

ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது? நுண்கடனுக்கு 2011-இல் 26 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அதை வேறு சூத்திரமாக மாற்றி, 2022 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பையே எடுத்துவிட்டது. வட்டி 'அநியாயமாக' இருக்கக் கூடாது என்கிறது, எவ்வளவு என்றால் அநியாயம் என்று எண் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தது. அதிக வட்டி ஒரு முக்கியக் காரணம். சில மாதங்களில் தடை நீங்கியது. அதுவரை அந்த வட்டியைக் கட்டிய பெண்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த நடைமுறையில் இடமே இல்லை.

நல்ல விதிகளும் வந்திருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' கொடுத்தாக வேண்டும். கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்று, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில். ஒரு வாரத்துக்குக் குறையாத கடன் என்றால், அந்த அறிக்கையைப் பார்த்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம். அதில் எழுதாத கட்டணத்தைப் பிறகு ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. நுண்கடனில் குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. இவை கையெழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும் விதிகள் என்பதால் எனக்கு இவற்றின் மேல் மரியாதை உண்டு.

குறை எங்கே என்றால், விதியை மீறிக் கொடுத்த கடனும் முழுக் கடனாகவே நிற்கிறது. வருமானத்தை விசாரிக்காமல், பக்கத்து வீட்டு அக்கா ஜாமீனை மட்டும் நம்பி நான்காவது கடனையும் கொடுத்த நிறுவனத்துக்கு அபராதம் வரலாம், எச்சரிக்கை வரலாம். கடன் வாங்கியவர் பாக்கியில் ஒரு ரூபாய் குறையாது. குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் குழுப் பெண்கள் தவணை கட்டக் கூடுகிற திங்கட்கிழமை சென்டர் கூட்டத்தில், ஒருத்தி தவணை கட்டும் வரை மற்றவர்கள் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 30 நாள் பதில் ஆகாது.

தென்னாப்பிரிக்கா 2005-இல் கொண்டுவந்த தேசியக் கடன் சட்டம் இங்கேதான் ஒரு படி மேலே போகிறது. திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்த கடனை 'பொறுப்பற்ற கடன்' என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், பாக்கியை முழுவதுமோ ஒரு பகுதியோ ரத்து செய்யலாம். கொடுத்தவர் பணமே போகும் என்றால் கொடுக்கும் முன் விசாரிப்பார். அபராதத்தை வியாபாரச் செலவில் எழுதிக்கொள்ள முடியும், அசலை அப்படி எழுதிக்கொள்ள மனம் வராது.

கடன் செயலிகள் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அதனால் சுருக்கமாக. 2021-இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு பார்த்தபோது இருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பர் விதிகளின்படி, பதிவுபெற்ற நிறுவனத்தின் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. பதிவே இல்லாத செயலிக்கு அந்த விதி உறைக்காது. அப்படிக் கடன் கொடுப்பதையே குற்றமாக்கும் வரைவு மசோதாவை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது.

தடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரம் சாட்சி. 2010-இல் நுண்கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்தபோது, அக்டோபரில் அங்கே அவசரச் சட்டம் வந்தது. வாராந்திர வசூல் நின்றது, நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும் என்றானது. கொடுமை நின்றது உண்மை. கூடவே கடன் கட்டுவதும் நின்றது, நிறுவனங்கள் புதுக் கடன் கொடுப்பதும் நின்றது. விதைப்பு நேரம் வந்தபோது கையில் பணத்தோடு ஊரில் இருந்தவர் பழைய வட்டிக்காரர்தான். ஆகவே கூட்டுறவுச் சங்கமோ, அரசு வங்கியோ, பத்தாயிரம் ரூபாயை அன்றைக்கே கொடுக்கிற ஒரு வழி இல்லாமல் எந்தச் சட்டமும் நிற்காது.

இரு மடங்குக்கு மேல் இல்லை

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய விதி கிடக்கிறது. 1938-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது வந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம். அசலும் வட்டியுமாகச் சேர்த்து, வாங்கிய அசலைப் போல் இரு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்துவிட்டது என்றது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற இந்த எண்ணம் இந்து தர்ம சாஸ்திரத்தில் 'தாம்துபத்' என்ற பெயரில் ஏற்கெனவே இருந்ததுதான். தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது. பிரிட்டன் 2015 ஜனவரியில் குறுகியகாலக் கடனுக்கு வைத்த உச்சவரம்பும் கிட்டத்தட்ட இதுவே. வட்டி, கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய தொகைக்கு மேல் போகக் கூடாது.

ஆண்டு வட்டிக்கு எண் வைத்தால் கட்டணம், காப்பீடு என்று வேறு பெயரில் நுழைவார்கள். மொத்தம் இரு மடங்கு என்ற எல்லையை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. படிக்காதவருக்கும் புரியும். பத்தாயிரம் வாங்கினாயா, இருபதாயிரம் கட்டியாகிவிட்டதா, முடிந்தது.

கட்ட முடியவே இல்லை என்றால்? 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்' என்று ஊரில் இளக்காரமாகச் சொல்வார்கள். அந்தத் திவால் மனு இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான், சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் ஏழைகளுக்கு என்று 'புதுத் தொடக்கம்' என்ற ஒரு வழி எழுதினார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், கடன் 35,000-க்குள் என்பது போன்ற நிபந்தனைகள் பொருந்தினால் கடனிலிருந்து விடுபடலாம். எழுதியதோடு சரி, நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருந்தார்கள். அந்த எல்லைகளை உயர்த்தி அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது அவசரமான வேலை.

பூக்கட்டும் அக்காவிடம் திரும்ப வருகிறேன். அவர் அட்டையில் நூறு கட்டமும் நிரம்பி நான் பார்த்ததில்லை. எழுபதாம் நாள், எண்பதாம் நாள் மறுபடி பணம் தேவைப்படும். பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு புது அட்டை போட்டுக் கொடுப்பார்கள், மறுபடி 1,500 பிடித்தம். இப்படி ஆறு வருடமாக ஓடுகிறது. நூறு நாளுக்கு ஒரு அட்டை என்று குறைத்துக் கணக்கிட்டாலே, 8,500 ரூபாய்க்கு வட்டியாக மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறார். அட்டைக்கு அட்டை இது புதுக் கடன், அதனால் இரு மடங்கு விதி பொருந்தாது என்று பைனான்ஸ்காரரின் வக்கீல் வாதாடலாம். 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதையும் யோசித்திருந்தார்கள். கடன் கொடுத்த அதே ஆளிடம் பத்திரத்தைப் புதுப்பித்து எழுதியிருந்தால், முதன்முதலில் கைமாறிய தொகையையும் பிறகு அசலாகக் கொடுத்த தொகையையும் மட்டுமே அசலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் அட்டைக்கு அட்டை பிடித்துக்கொண்ட 1,500 அக்காவின் அசலில் சேராது. இன்றைக்கும் ஐந்தரை மணிக்குப் பையன் வந்து கட்டத்தில் கிறுக்கிவிட்டுத்தான் போனான்.